ரேடியோவைக் கொஞ்சம் குறைங்க

பெங்களூர் அல்சூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் ரேடியோ திடீரென்று அலறினால், அப்பா அம்மாவை அடிக்கப் போகிறார் என்று அர்த்தம்.

அதில் ஒரு முறை இருந்தது. வேலைவிட்டு வருவார். கைகால் கழுவுவார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். சாதத்தில் கல், குழம்பில் உப்பு, வாசலில் நின்று யாருடனோ பேசியது என்று ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். அவர் எழுந்து நின்றதும் அம்மா போய் ரேடியோவின் ஒலியை முழுக்கக் கூட்டிவிட்டு வந்து அவர் எதிரில் நிற்பாள். அதுவரை அவர் காத்திருப்பார். அக்கம்பக்கத்துக்குக் கேட்கக் கூடாது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. எழுதும்போதுகூட எனக்கு 'அடிப்பார்', 'காத்திருப்பார்' என்றுதான் வருகிறது. அந்த ஆளுக்கு இந்த மரியாதை தேவையே இல்லை. கை கேட்க மாட்டேன் என்கிறது.

அவர் வீடு திரும்பும் நேரத்தில் கன்னடத்தில் விவசாயிகளுக்கான நிகழ்ச்சி நடக்கும். 'ரைத பாந்தவரே', விவசாயச் சொந்தங்களே, என்று ஒருவர் அன்பாகக் கூப்பிட்டு, ராகிக்கு எப்போது யூரியா போட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்வார். அந்தக் குரலுக்கு அடியில் பெல்ட் விழும். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனால் தென்னையைத் துளைக்கும் வண்டுக்கு என்ன மருந்து என்பது எனக்குச் சின்ன வயதிலேயே மனப்பாடம். இன்றைக்கும் யூரியா என்று யாராவது சொன்னால் முதுகு கூசுகிறது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ரேடியோவின் ஒயரை அரிவாள்மனையில் வைத்து அறுத்தேன். ரேடியோ இல்லாவிட்டால் அடிக்க முடியாது என்பது என் கணக்கு. அன்று அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். அவர் வழக்கத்தைவிட நிதானமாக அடித்தார். பற்களுக்கு நடுவில் துணி கிழிகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. மறுநாள் அம்மாவே வீங்கிய முகத்தோடு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனாள்.

அப்படிப்பட்ட மறுநாட்களில் எல்லாம் பக்கத்து வீட்டு அத்தை ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துச் சுடவைத்துக் கொண்டுவருவாள். யாரும் அவளிடம் மஞ்சள் கேட்டதில்லை. "பாத்ரூம்ல வழுக்கிட்டியா?" என்று கேட்பாள். "ஆமாக்கா, ஒரே பாசி" என்பாள் அம்மா. அத்தை போனதும் என் பக்கம் திரும்பி, "பாத்தியா, யாருக்கும் தெரியல" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

பிறகு நான் வானொலியிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். சின்ன வயதிலிருந்தே ரேடியோமேல் காதலா என்று கேட்பவர்கள் உண்டு. காதலாவது கத்தரிக்காயாவது. எனக்கு அந்தப் பெட்டிமேல் கோபம்தான். எங்கள் வீட்டில் நடந்ததை எல்லாம் மூடிமறைத்த பெட்டி அது. குரல் தேர்வு வைத்து ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றுதான் போனேன். தமிழும் கன்னடமும் தடங்கல் இல்லாமல் வந்ததால் எடுத்துக்கொண்டார்கள்.

நாடு முழுவதற்கும் ஒலிபரப்பும் அரசு வானொலியின் ஒரு நிலையம் அது. ஒரே கட்டிடத்துக்குள் கன்னடச் செய்தி, விவசாயம், கச்சேரி, எஃப்எம் பாட்டு எல்லாம் நடக்கும். இப்போது எல்லாமே கைபேசி ஆப்பிலும் வருகிறது. நான் அங்கே தற்காலிக அறிவிப்பாளர். மாதத்தில் சில நாட்கள்தான் கூப்பிடுவார்கள். மற்ற நாட்களில் அல்சூரிலேயே ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பேன். 'ரைத பாந்தவரே' குரலுக்குச் சொந்தக்காரரை அவர் ஓய்வு பெறும் சமயத்தில் கேன்டீனில் பார்த்தேன். சாதுவான மனிதர். எனக்கு ஒரு தட்டு உப்புமா வாங்கிக் கொடுத்து ஆசீர்வாதம் செய்தார். அவர் பேசப் பேச என் உள்ளங்கை வியர்த்தது. பாவம், அவருக்கு என்ன தெரியும்.

எனக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் வரும் தமிழ்ப் பாட்டு நேரம். நேயர்கள் போன் செய்து பாட்டுக் கேட்பார்கள். நான் ஸ்டுடியோவில் மைக்கின் முன்னால் இருப்பேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பணிநேர அதிகாரி போனை எடுத்து, பேர் ஊர் விசாரித்து, எனக்கு இணைப்பார். என் கைக்குக் கீழே ஃபேடர் என்கிற தள்ளுவிசைகள் வரிசையாக இருக்கும். மேலே தள்ளினால் அந்தக் குரல் ஊருக்குப் போகும். கீழே இழுத்தால் நின்றுவிடும்.

நேயரிடம் நாங்கள் முதலில் சொல்வது வணக்கம் அல்ல. "உங்க ரேடியோவைக் கொஞ்சம் குறைங்க" என்பதுதான். அவர்கள் வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தால், அவர்கள் குரல் போன் வழியாக எங்களிடம் வந்து, எங்களிடமிருந்து அவர்களுடைய ரேடியோவுக்குப் போய், அதிலிருந்து மறுபடியும் போனுக்குள் புகுந்து, காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு ஊளை கிளம்பும். அதனால் முதலில் ரேடியோ, பிறகு வணக்கம். அதன்பின் எங்கிருந்து பேசறீங்க, என்ன வேலை, இன்னைக்கு என்ன சமையல், பாட்டு யாருக்காக. இந்த வரிசை மாறாது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பாதிப் பேர் வீட்டில் மட்டன் கொதித்துக்கொண்டிருக்கும்.

அந்தப் பெண் ஊரின் இன்னொரு கோடியில் இருக்கும் பொம்மனஹள்ளியிலிருந்து பேசுவாள். கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் தையல் வேலை என்று முதல்முறை சொன்னாள். பிறகு ஒருமுறை, "இப்ப வேலைக்குப் போறதில்ல மேடம், வீட்லதான்" என்றாள். வாரம் தவறாமல் வருவாள். எந்தப் பாட்டு என்பதில் அவளுக்கு அக்கறை கிடையாது. "எதுனா போடுங்க மேடம். எங்க பக்கத்து வீட்டு அக்காவுக்காக" என்பாள். ஒவ்வொரு வாரமும் பக்கத்து வீட்டு அக்காவுக்காகத்தான். புருஷனுக்கு இல்லை, பெற்றவர்களுக்கு இல்லை. "அப்படி என்னம்மா அந்த அக்கா பண்ணிட்டாங்க உங்களுக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். "ஒண்ணும் பண்ணல மேடம்" என்றாள்.

அவளால் எங்களுக்கு ஒரே தலைவலி. ரேடியோவைக் குறை என்றால் குறைப்பாள். ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே அது ஏறிவிடும். ஊளை கிளம்பும். அதிகாரி கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலையில் அடித்துக்கொள்வார்.

இடையில் ஒரு ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தபோது, முன்பல் இல்லாத வாயிலிருந்து காற்று ஒழுகியது. பல் மருத்துவமனையில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது தெரியாமல் இருக்காது. பேச்சின் நடுவில் பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. உடனே ரேடியோ ஏறியது. சரியாக, கதவு திறந்ததும்.

அந்த ஒலி ஏறும் விதம் எனக்குத் தெரியும். பாட்டைப் போட்டுவிட்டு ஃபேடரை இறக்கினேன். இனி நாங்கள் பேசுவது ஊருக்குக் கேட்காது. "யாரும்மா ரேடியோவை ஏத்தறது? நீயா, அவனா?" என்று கேட்டேன்.

மெதுவாக, "நான்தான் மேடம். வெளியில கேட்டா அசிங்கம்ல" என்றாள்.

"பல்லு எப்படிப் போச்சு?"

"ஒரு தடவை வீட்டை விட்டுப் போயிட்டேன். பேசி, திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க. வந்த அன்னிக்குத்தான் பல்லு போச்சு. இப்ப டேங்கர் ஓட்டப் போனா வெளியில பூட்டிட்டுதான் போறாரு. ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பாரு. குளிக்கப் போற நேரத்துலதான் உங்களுக்கு போன் பண்றேன்."

"பக்கத்து வீட்ல சொன்னியா?"

"அக்காவுக்குத் தெரியும் மேடம். எங்க வீட்ல சத்தம் வந்தா, அவங்க வீட்டு டிவிய ஏத்திப்பாங்க."

எனக்கு வந்த கோபத்தில் எதிரே இருந்த தண்ணீர் பாட்டிலை நசுக்கிவிட்டேன். அங்கே ஒருத்தி ரேடியோவை ஏற்றுகிறாள், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தி டிவியை ஏற்றுகிறாள், நடுவில் ஒரு டேங்கர் டிரைவர் வசதியாகக் கை நீட்டுகிறான். "நீ ரேடியோவை ஏத்தாதே. கத்து. தொண்டை கிழியக் கத்து" என்றேன். பாட்டு முடியப்போகிறது என்று அதிகாரி கண்ணாடியைத் தட்டினார். "அடுத்த வாரம் பேசறேன் மேடம்" என்று அவள் வைத்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவள் உயிரோடு இருப்பாளா என்பதுதான் என் கவலை. அவள் வீடு எங்கே என்று தெரியாது. அவள் போன் செய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அடுத்த ஞாயிறு செய்தாள். வணக்கம் சொன்னாள். பின்னால் ரேடியோ எதுவும் கேட்கவில்லை. நான் குறைக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"என்ன சமையல்மா?" என்றேன், வழக்கம்போல.

"இன்னும் ஆரம்பிக்கல மேடம். அக்கா ரேடியோ கேக்கறாங்க. சுவத்து வழியா இங்க நல்லாவே கேக்குது" என்றாள். "இன்னைக்கும் பாட்டு அவங்களுக்குத்தான்."

அவள் சொல்லி முடிக்கும் முன், "எவன்டி அது போன்ல?" என்று ஓர் ஆண் குரல்.

முதல் அடி கன்னத்தில் விழுந்திருக்க வேண்டும். போன் தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. விழுந்தாலும் இணைப்பு அறவில்லை. அடுத்தது பாத்திரங்கள். யாரையோ அடுக்குமேல் தூக்கி எறிந்த மாதிரி எல்லாம் சேர்ந்து விழுந்தன. அவன் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவள் கத்தினாள். முந்தானையை வாயில் திணித்துக்கொள்ளவில்லை. நான் சொன்னபடி, தொண்டை கிழியக் கத்தினாள். அது அப்படியே பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி எழுந்துவிட்டார். கையை இடவலமாக வீசி வெட்டு, வெட்டு என்றார். அதுதான் விதி. ஒலிபரப்பில் தகாத ஒன்று வந்தால் ஃபேடரைக் கீழே இழுத்துவிட்டுப் பாட்டுக்குப் போய்விட வேண்டும். யோசிக்க வேண்டியதே இல்லை, கை தானாகச் செய்ய வேண்டும். அதற்குத்தான் பயிற்சி. என் விரலும் ஃபேடர்மேல்தான் இருந்தது.

நான் அதை மேலே தள்ளினேன். எவ்வளவு போகுமோ அவ்வளவும்.

அவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடிவந்தார். "ஃபேடர் இளிசி மேடம், இளிசி!" என்று கன்னடத்தில் இறக்கச் சொல்லிக் கத்திக்கொண்டே என் மேலாகக் கை நீட்டினார். அந்தக் கையை மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். மறுபடி நீட்டினார். பிடித்து முறுக்கினேன். அவர் நல்ல மனிதர், என் மகளின் கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்து நின்றவர். அந்த நேரத்தில் எனக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. என் அப்பாவின் ரத்தம் எனக்குள்ளும் ஓடுகிறது என்பதை அன்று என் கை எனக்குச் சொன்னது. அதற்காக வெட்கப்பட அப்போது நேரமில்லை.

மைக்கில் சொன்னேன். "பொம்மனஹள்ளியில இந்தம்மாவுக்குப் பக்கத்து வீட்டு அக்கா, நீங்க இதைக் கேட்டுக்கிட்டுதான் இருக்கீங்க. வாரா வாரம் உங்களுக்குத்தான் பாட்டு போடறோம். எழுந்து போய்க் கதவைத் தட்டுங்க. அந்த லைன்ல இருக்கற எல்லாரும் போங்க. இப்பவே." பிறகு கன்னடத்தில், "பாகிலு தட்டி, ஈகலே, எல்லாரூ ஹோகி" என்றேன்.

அதற்குப் பிறகு கேட்டது சதையில் ஏதோ கட்டையால் அடிக்கும் சத்தம். ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம் மாதிரி. ஒவ்வொரு அடிக்கும் அவள் கத்தல் குறைந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் அடி மட்டும் கேட்டது. அதிகாரி முறுக்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டார். மறுபடி கை நீட்டவில்லை. "தேவரே" என்று கடவுளைக் கூப்பிட்டார், அவ்வளவுதான்.

அப்புறம் கதவு.

முதலில் தட்டல். அடுத்து இடி. பெண்களின் குரல்கள், தமிழும் கன்னடமும் உருதும் கலந்து. தாழ்ப்பாள் தெறிக்கும் சத்தம். "யாருடா நீங்கல்லாம்? எங்க வீட்டு விஷயம், வெளிய போங்க" என்று அவன் கத்தினான்.

"உங்க வீட்டு விஷயமா? ரேடியோவுல வருதுடா பாவி!" என்றது ஒரு பெண் குரல். அடுத்து குக்கர் மூடியோ என்னவோ, கனமான ஒன்று எலும்பில் மோதும் சத்தம். அவன் அலறினான். இன்னொரு முறை மோதியது. அந்தச் சத்தம் எனக்கு இனித்தது. இதை மழுப்ப விரும்பவில்லை, இனிக்கத்தான் செய்தது.

அந்த இடத்தில் கட்டுப்பாட்டு அறையில் யாரோ எங்கள் ஸ்டுடியோவையே துண்டித்துவிட்டார்கள். ஒரு பாட்டு தொடங்கியது. கல்யாண வீட்டுப் பாட்டு. நானும் அதிகாரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

அவள் பிழைத்தாள். தாடை முறிந்து, விலா எலும்புகள் நொறுங்கி, அரசு மருத்துவமனையில் கிடந்தாள். செய்தி எங்கள் நிலையத்துக்கே வந்து சேர்ந்தது. அவனை அந்தப் பெண்களே கட்டிலோடு கட்டிவைத்துப் போலீசில் ஒப்படைத்திருக்கிறார்கள். நான் போனபோது அவள் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு ஒரு பருத்த பெண் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் பக்கத்து வீட்டு அக்கா. என் குரலைக் கேட்டதுமே கண்டுபிடித்துவிட்டாள். "ரேடியோ மேடம்தானே?" என்று எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் கையை உதறினேன். "சுவர் வழியா இத்தனை வருஷமா கேக்கலையா உங்களுக்கு? ரேடியோவுல வந்தாதான் காது கேக்குமா?" என்று வார்டு திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "கேட்டுச்சு மேடம். தினமும்தான் கேட்டுச்சு" என்றாள். "ஆனா நாங்க கேட்டோம்னு யாருக்கும் தெரியாதுல்ல. கேக்காத மாதிரி இருந்துட்டோம். ரேடியோவுல வந்தப்புறம், நாங்க கேட்டுட்டுதான் இருக்கோம்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. நீங்க வேற அக்கான்னு கூப்ட்டுட்டீங்க. எதிர் வீட்டுக்காரி என்னைப் பாக்கறா, நான் அவளைப் பாக்கறேன். இனிமே கேக்கலன்னு எப்படி மேடம் சொல்றது?"

இன்னொன்றும் சொன்னாள். மாடியில் ஒரு பையன் எங்கள் நிகழ்ச்சியைக் கைபேசி ஆப்பில் கேட்டுக்கொண்டிருந்தானாம். நெட் மந்தமாக இருந்தால் ஆப்பில் ஒலிபரப்பு நிமிஷக்கணக்கில் பின்தங்கித்தான் வரும். இவர்கள் உள்ளே புகுந்து, அந்த டேங்கர் டிரைவர் அடி வாங்கிச் சுருண்டு, எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற நேரத்தில், மேலேயிருந்து ஆப்பில் அந்த டிரைவரின் குரலே கேட்டதாம். 'எவன்டி அது போன்ல' என்று ஆரம்பித்து எல்லாம் முதலிலிருந்து. "தன் குரலைக் கேட்டதும் காதைப் பொத்திக்கிட்டான் மேடம். எங்களுக்கும் கேக்க முடியல. ஆனா யாரும் நிறுத்தச் சொல்லல" என்றாள்.

கட்டிலில் கிடந்தவள் ஏதோ சொல்ல முயன்றாள். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். குனிந்து காதை வைத்தேன். "அவரு வீட்ல இருக்கறப்பவேதான் பண்ணேன். குளிச்சிட்டு வெளிய வரட்டும்னு காத்திருந்து போன் பண்ணேன்" என்றாள் பற்களுக்கு இடையிலிருந்து. "பாட்டு போட்டா அக்கா டிவிய நிறுத்திட்டு ரேடியோ வைப்பாங்கல்ல. அதான் வாரா வாரம்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பாட்டுக்காக ஒரு வாரம்கூடப் போன் செய்ததில்லை. உயிரைப் பணயம் வைத்து ஒரு காதைத் தயார் செய்துகொண்டிருந்திருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்துத்தான் கத்தினாள் என்ற நினைப்பு அந்த இடத்தில் எனக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டு அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

நிலையத்தில் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். அதிகாரியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "நான் கட் பண்ணுன்னது தப்பில்ல மேடம். ரூல் அது. சின்னப் பிள்ளைங்க கேக்கற டைம்" என்றார். அவர் சொன்னதும் சரிதான். நான் செய்ததும் சரிதான் என்று நினைக்கிறேன். இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று என்னைக் கேட்காதீர்கள். தற்காலிக ஆட்களை யாரும் வேலையைவிட்டு நீக்குவதில்லை. அழைப்பு வருவது நின்றுவிடும், அவ்வளவுதான். இப்போது ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு நேரத்தை வேறொரு பெண் நடத்துகிறாள். நன்றாகத்தான் நடத்துகிறாள்.

இவ்வளவையும் எழுதியது அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான்.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். அதே அல்சூர், அதே தெரு, கொஞ்சம் நல்ல வீடு. அப்பா போய் வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அம்மாவுக்கு ரேடியோ பாடிக்கொண்டே இருக்க வேண்டும். என்ன பாடுகிறது என்று கவனிக்க மாட்டாள். நிறுத்தினால் மட்டும் பதறிப்போவாள். அந்த ஞாயிறு நான் நிலையத்திலிருந்து வீடு திரும்பியபோது ரேடியோ ஜன்னல் திட்டில் தெருவைப் பார்த்து இருந்தது. ஒலி முழுக்க ஏற்றியிருந்தது. ஏதோ விளம்பரம் தெருவெல்லாம் அலறியது.

"ஏம்மா இங்க வெச்சிருக்க?" என்றேன்.

"அந்தப் பொண்ணு கத்துச்சில்ல. யாருக்குனா கேக்கட்டும்னு" என்றாள். அல்சூரில் கேட்டால் பொம்மனஹள்ளியில் யார் வரப்போகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. "நெசமாவே கதவைத் தட்டினாங்களா?"

"தட்டினாங்க. உடைச்சுக்கிட்டு உள்ள போனாங்க."

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். எதிர்சாரியில் எங்கள் பழைய லைன் வீடு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடிக் கட்டிடம் நிற்கிறது. மஞ்சள் கொண்டுவரும் அத்தை மட்டும் இன்னும் இதே தெருவில்தான், பக்கத்து மாடியில், மகனோடு இருக்கிறாள்.

"நான் சத்தத்தை ஏத்தி வெச்சதால யாருக்கும் கேக்கலைன்னு நெனச்சிட்டிருந்தேன்டி, இத்தனை காலமா" என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டிருக்கும், இல்ல?"

யாரிடமும் பட்டென்று பேசிவிடுகிறவள் நான். அன்று பொய் சொல்லத்தான் வாய் திறந்தேன். வரவில்லை.

"கேட்டுச்சும்மா" என்றேன். "எல்லாருக்கும் கேட்டுச்சு."

அம்மா ரேடியோவை நிறுத்தினாள். எங்கள் வீட்டில் அதுவரை நான் கேட்டிராத அமைதி. அதற்குள் அவள் அழ ஆரம்பித்தாள். முந்தானையை வாயருகே கொண்டுபோகவில்லை. தெருவுக்கே கேட்கும்படி, வாயைத் திறந்து, கத்திக் கத்தி அழுதாள். அவளைத் தொடக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் யாரோ எங்கள் கதவைத் தட்டினார்கள்.